டோக்கியோவின் சின்ன காமெடி அரங்குகளுக்கு, ஜப்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்த வெளிநாட்டவர் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நான் முதல்முறை போனபோது ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில், கீழிருந்து இரண்டாவது நிலையான என்4 மட்டும்தான் முடித்திருந்தேன். மொழி துளிகூடத் தெரியாது என்றால் மட்டும் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பெரும்பாலும் எல்லாமே பேச்சுதான்.

இந்த ஷோக்களைச் 'சிகா லைவ்' என்பார்கள். சிகா என்றால் நிலத்தடி. பல அரங்குகள் நிஜமாகவே கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில்தான் இருக்கும். டிவியில் இன்னும் முகம் காட்டாதவர்கள் ஏறுகிற மேடை என்ற பொருளும் உண்டு.

நான் போனது டோக்கியோவின் நகானோ பகுதியில். முப்பது மடக்கு நாற்காலி, என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அங்கே பார்த்தது மன்சாய், அதாவது இருவர் ஒரே மைக் முன்னால் நின்று பேசும் காமெடி. 'போகே' ஏறுக்குமாறாக உளறுவார், 'த்சுக்கோமி' அவரைத் திருத்துவார், சமயத்தில் தலையில் ஒரு தட்டும் விழும். செந்தில், கவுண்டமணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அன்று ஒரு இணை கன்வீனியன்ஸ் ஸ்டோர் காட்சியை எடுத்துக்கொண்டது. அங்கே சாப்பாடு வாங்கினால் 'அதத்தமேமாஸ் கா?', அதாவது சூடு பண்ணித் தரவா என்று கேட்பார்கள். நான் தினமும் கேட்கிற வாக்கியம். கடைக்காரராக நடித்த போகேவும் அதையே கேட்டார். மற்றவர் ஒரு நொடி தன் கையைப் பார்த்தார். அப்புறம் கழுத்து நரம்பு புடைக்க, 'ஐஸு தா யோ!' இது ஐஸ்கிரீம்யா! எல்லோரோடும் சேர்ந்து, ஒரு நொடிகூடப் பிந்தாமல் நான் ஜப்பானிய மொழியில் சிரித்தது அதுதான் முதல் தடவை. போகே சொன்னது பிடிபடாவிட்டாலும், அதில் என்ன தப்பு என்று த்சுக்கோமி சின்ன வாக்கியத்தில் உரக்கச் சொல்லிவிடுவார். மொழி படிக்கிறவர் அவரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

டிக்கெட்டைப் பல ஷோக்களுக்குக் கலைஞருக்கே மெசேஜ் அனுப்பி எடுத்துவைக்கச் சொல்லலாம், பணம் வாசலில். அங்கே 'யாரைப் பார்க்க வந்தீர்கள்?' என்று கேட்பார்கள். தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள். சில ஷோக்களில் மேடையேறுகிறவர்களே இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும், உங்கள் டிக்கெட் அவர் கணக்கில் சேரும். இதெல்லாம் சிரமமாகத் தெரிந்தால் காமெடி ஷோ நிறுவனமான கே-புரோ நடத்தும் நிஷி-ஷின்ஜுகு நருகெகி அரங்கில் தொடங்குங்கள்.

படம் எடுக்காதீர்கள், பதிவும் செய்யாதீர்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் 'எந்த ஊர்?' என்று பேச்சுக் கொடுப்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனால் அவர்களுக்குக் கிடைப்பதே சில நிமிடங்கள். அதனால் நான் மூன்றாவது வரிசைக்குப் போய்விடுவேன்.

இந்த அறைகளில் நிற்பவர்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஜப்பானின் பெரிய மன்சாய் போட்டியான எம்-1 கிராண்ட் பிரீயை 2021-இல் வென்று ஒரு கோடி யென் பரிசு வாங்கிய நிஷிகிகோய் இணையின் ஹசெகாவா மசனோரிக்கு அப்போது வயது 50. அதற்கு முன் நீண்ட காலம் சின்ன மேடைகள்தான்.

முடிந்ததும் கருத்துத் தாள் தருவார்கள். நான் ஹிராகனா எழுத்தில் அந்த ஐஸ்கிரீம் இணையின் பெயரை எழுதி, 'ஒமோஷிரோகத்தா', அதாவது ரசித்தேன், நன்றாக இருந்தது என்று சேர்த்தேன். அடுத்த மாதம் வாசலில் த்சுக்கோமி என்னை அடையாளம் கண்டு தலை குனிந்து வணங்கினார். அடுத்த வருடம் அந்த இணை பிரிந்துவிட்டது, கடைசி ஷோ அன்று எனக்கு வேலை. உங்களுக்கு யாரையாவது பிடித்துவிட்டால் அடுத்த ஷோவுக்கும் போய்விடுங்கள்.