கையெழுத்துப் போடும் முன் கேஸ் ஷீட்டை வாங்குங்கள்

கேள்வி: பத்து மாதத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு சிசேரியன் நடந்தது. அதிலிருந்தே வயிற்றுவலி. போய்ச் சொன்னபோதெல்லாம் வாயுத்தொல்லை என்று மாத்திரை தந்தார்கள். போன மாதம் வேறு ஊரில் ஸ்கேன் எடுத்ததில் வயிற்றுக்குள் துணி இருப்பது தெரிந்து, மறுபடி ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பழைய மருத்துவமனையில் ஒரு லட்சம் தருவதாகவும், இனி புகார் இல்லை என்று எழுதித் தரும்படியும் கேட்கிறார்கள். தெரிந்த டாக்டர், விட்டுவிடு என்கிறார் கணவர். என்ன செய்வது?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

சகோதரி, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பத்து மாதம் வலியோடு அலைந்திருக்கிறீர்கள், இரண்டாவது முறை வயிற்றைக் கிழித்திருக்கிறார்கள், அதற்கு அவர்களாகவே ஒரு விலை போட்டுக்கொண்டு வந்து நிற்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. சமாதானமாகப் போவது தவறில்லை. ஆனால் இழந்தது எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் பார்த்த பிறகு போங்கள்.

முதல் வேலை, இரண்டு மருத்துவமனைகளிலும் முழு கேஸ் ஷீட்டையும் எழுத்துமூலம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, நர்ஸ்கள் துணியை எண்ணி எழுதும் கணக்கு, மயக்க மருந்துக் குறிப்பு எல்லாம் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. துணியை எடுத்த டாக்டரின் ஆபரேஷன் குறிப்பும் ஸ்கேன் படமும்தான் உங்கள் பெரிய சாட்சி. அவர் நேரில் வந்து சொல்லத் தயங்கலாம், டாக்டர்கள் பெரும்பாலும் தயங்குவார்கள், ஆனால் எழுதிய எழுத்து இருக்கிறதே.

அப்புறம் கெடு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு வருடம்தான். துணி வெளியே வந்த நாளிலிருந்துதானே என்று நினைக்காதீர்கள், முதல் ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். 1993-ல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு நர்ஸுக்கு 2002-ல்தான் உள்ளே துணி இருப்பது தெரிந்தது. அத்தனை வருட வலிக்கு அந்த டாக்டரிடம் ஏன் முன்பே போகவில்லை என்று கேட்டு, காலம் கடந்த புகார் என 2010-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் உங்கள் நிலை வேறு: வலி என்று நீங்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறீர்கள். அந்த ஓ.பி. சீட்டுகள், மாத்திரை பில்கள் ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

துணியை எண்ணாதது நர்ஸின் தவறு என்று கைகாட்டுவார்கள். எடுபடாது. 1963-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணி விடப்பட்டு ஒரு பெண் இறந்தார். துணி உள்ளே இருந்ததே அலட்சியத்துக்குச் சான்று, ஊழியர்களின் தவறுக்கு அரசுதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களே என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்குத்தான் சம்மதித்தீர்கள், துணியை உள்ளே வைத்துத் தைப்பதற்கு இல்லை.

புகாரை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். மருத்துவமனைக்கு நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. இரண்டாவது ஆபரேஷன் செலவு, போக்குவரத்து, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், துணைக்கு இருந்தவரின் சம்பளம், குழந்தைக்கு வாங்கிய பால் பவுடர், பட்ட வேதனை என எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். தீர்ப்பு சீக்கிரம் வராது, வருடக்கணக்கில் இழுக்கலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

போலீஸுக்குப் போக அவசரப்படவேண்டாம். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மீது குற்றவழக்கு நிற்கும் என்று 2005-லேயே தீர்ப்பு இருக்கிறது. மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம், அவர்கள் டாக்டர் மேல் நடவடிக்கை எடுப்பார்கள், இழப்பீடு வாங்கித் தரமாட்டார்கள்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: தெரிந்த டாக்டர் என்றால், நீங்கள் வலிக்கிறது என்று போய் நின்றபோதே அவர் ஒரு ஸ்கேன் எழுதியிருக்கலாம். கேஸ் ஷீட் கேட்கும் கடிதத்தை இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.