வைஃபையை அணைக்கும் ஆப்புக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து மாம்பலத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறேன். காலையில் 100 சதவீதம் சார்ஜோடு கிளம்பினாலும் மதியத்துக்குள் பாதி காலியாகிவிடுகிறது. ஆண்ட்ராய்டு போன், வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வழியெல்லாம் அதுவாகவே ஏதாவது ஒரு வைஃபையில் போய் ஒட்டிக்கொள்கிறது. தானாக வைஃபையை அணைத்துப்போடும் ஆப் ஒன்றுக்குப் பணம் கட்டலாமா, இல்லை பேட்டரியையே மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல், வெளி ஆப்கள் வைஃபையைத் தாமாக ஆன், ஆஃப் செய்வதை கூகுள் தடுத்துவிட்டது. வைஃபை பட்டனைத் திரையில் கொண்டுவந்து காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. அதை அழுத்த வேண்டியது நீங்கள்தான். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள அந்த ஆப் லொக்கேஷனையும் கேட்கும். அதற்கும் சார்ஜ் போகும்.

வைஃபை ஆனில் இருப்பதால் மட்டும் பேட்டரி காலியாவதில்லை. வீட்டு ரூட்டரோடு நல்ல சிக்னலில் இணைந்து சும்மா கிடக்கும் போன் மிகக் குறைவாகவே எடுக்கும். எட்டத்தில் இருக்கும் டவரிடமிருந்து டேட்டா இழுப்பதைவிட அது லாபம். அதனால் வீட்டில் வைஃபையை அணைக்காதீர்கள். வீட்டுக்குள் டவர் ஒரு கோடுதான் காட்டுகிறது என்றால் வைஃபை காலிங்கையும் (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதி) ஆன் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் சிக்கல் ரயிலில் இருக்கிறது. ஏதோ ஒரு நாள் ஸ்டேஷன் இலவச வைஃபையில் ஓடிபி போட்டு நுழைந்திருப்பீர்கள். போன் அந்தப் பெயரைச் சேமித்துவைத்திருக்கும். அதே பெயர் தென்படும் ஸ்டேஷனிலெல்லாம் இணையப் பார்த்து, லாகின் பக்கத்தில் முட்டி நிற்கும். வண்டி நகர்ந்ததும் இணைப்பு அறுந்துபோகும். அடுத்த ஸ்டேஷனில் மறுபடி முதலிலிருந்து. வாட்ஸ்அப் செய்தி வராமல் நின்று, பிறகு மொத்தமாக வந்து கொட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் இன்டர்நெட், கீழே சேவ்டு நெட்வொர்க்ஸ் என்று போங்கள். (சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், வைஃபை, மூன்று புள்ளி, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், மேனேஜ் நெட்வொர்க்ஸ்.) ஸ்டேஷன், ஹோட்டல், மால் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஃபர்கெட் கொடுங்கள். உறவினர் வீட்டு வைஃபை போல பாஸ்வேர்டு தேவைப்படுபவற்றை அழிக்காமல், ஆட்டோ கனெக்டை மட்டும் அணைத்தால் போதும். சாம்சங்கில் அதன் பெயர் ஆட்டோ ரீகனெக்ட். நெட்வொர்க் பிரிஃபரன்ஸஸில் 'டர்ன் ஆன் வைஃபை ஆட்டோமேட்டிக்கலி' இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வைஃபையை அணைத்த பிறகும் லொக்கேஷனுக்காகப் போன் அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடிக்கொண்டே இருக்கலாம். செட்டிங்ஸ், லொக்கேஷன், லொக்கேஷன் சர்வீசஸ் போய் வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் அணையுங்கள். கட்டடங்களுக்குள் மேப் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் செய்து ஒரு வாரம் பாருங்கள். அப்போதும் சார்ஜ் வேகமாக இறங்கினால் செட்டிங்ஸில் பேட்டரி யூசேஜ் பக்கத்தில் எந்த ஆப் முதலிடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். வழியில் 5ஜி வந்து வந்து போகிறது என்றால் பயண நேரத்துக்கு 4ஜியில் வைத்துப் பாருங்கள். 30 சதவீதம் காட்டும்போதே போன் திடீரென அணைந்தால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போங்கள்.

கேள்வி: ஐபோனில் இரவு வைஃபையை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் பார்த்தால் தானாக ஆனாகியிருக்கிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. திரையின் ஓரத்திலிருந்து இழுத்தால் வரும் கன்ட்ரோல் சென்டரில் அணைத்திருப்பீர்கள். அந்தப் பட்டன் வைஃபையை முழுதாக அணைப்பதில்லை. இணைப்பைத் துண்டித்து, காலை 5 மணி வரை தானாக இணையாமல் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். முழுதாக அணைய வேண்டுமென்றால் செட்டிங்ஸ், வைஃபை போய் அங்கே ஆஃப் செய்யுங்கள். ஒரு குறிப்பிட்ட வைஃபை மட்டும் வேண்டாம் என்றால், பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' குறியைத் தொட்டு ஆட்டோ ஜாயினை அணைத்துவிடலாம்.