இதய ஓட்டையோடு பிறந்தவர்கள் பிள்ளை பெறலாமா?

ஆறு வயதில் எனக்கு இதய ஓட்டையை அடைத்தார்கள். இப்போது இரண்டு மாதம். புகுந்த வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. (காரைக்குடி)

ஓட்டை முழுதாக அடைபட்டு, நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் இல்லாமல் இருந்தால் உங்களுக்குக் கூடுதல் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் எக்கோ என்கிற இதய ஸ்கேன் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இத்தனை வருஷம் தொந்தரவு தராத இதயம்கூட ஏழாம் மாதம் வாக்கில் திணறலாம்.

கல்யாணம் தட்டிப்போகுமோ என்று மறைத்த உங்கள் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் கணவரிடம் இன்றே சொல்லுங்கள். ராத்திரி மூச்சு வாங்கினால் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தானே? அப்புறம், அம்மா வீட்டு பீரோவில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். எந்த ஓட்டை, எப்படி அடைத்தார்கள் என்பது அதில் இருக்கும்.

மருமகளுக்குச் சின்ன வயதிலிருந்தே உதடு நீலம். ஆபரேஷன் கட்டம் தாண்டிவிட்டதாம், பிள்ளையும் வேண்டாம் என்கிறார் டாக்டர். குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன். ஒரு தடவை பார்க்கலாமா? (தேவகோட்டை)

வேண்டாம் ஆச்சி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஐசன்மெங்கர் நிலை போலத் தெரிகிறது. பெரிய ஓட்டையை அடைக்காமல் விட்டதால் நுரையீரல் குழாய்கள் இறுகி, கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலக்கிறது. இந்த நிலையில் கர்ப்பமானவர்களில் 20 முதல் 50 சதவீதம் வரை தாய் மரணம் பதிவாகியிருக்கிறது. பிரசவம் முடிந்து வீடே சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் பலர் போயிருக்கிறார்கள். உங்கள் டாக்டர் சொன்னது அவள் உயிருக்காக.

ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்தத்தை உறையவைக்கக்கூடும், அவளுக்கு அது ஆகாது. மகன் வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) செய்துகொள்வது நல்லது. பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, செட்டிநாட்டுக்குப் புதிதில்லையே ஆச்சி. அந்தக் குழந்தைக்கு அம்மாவாக அவள் இருக்கட்டும்.

செயற்கை உலோக வால்வு வைத்திருக்கிறேன். நாள் தள்ளிப்போனதும் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். சரிதானே? (பள்ளத்தூர்)

இல்லை. இதைப் படித்ததும் டாக்டரிடம் கிளம்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின் மாத்திரை 6 முதல் 12 வாரக் கருவைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் எதுவும் போடாமல் இருந்தால் வால்வில் ரத்தம் உறைந்து உங்கள் உயிருக்கே ஆபத்து. ஊசிக்கு மாற்றுவதா, குறைந்த அளவில் மாத்திரையே தொடர்வதா என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எனக்கு இருப்பது குழந்தைக்கும் வருமா? (கண்டனூர்)

பொதுவாக 100 குழந்தைகளில் ஒன்றுக்கு இதயக் குறை இருக்கும். தாய்க்கு இருந்தால் பெரும்பாலும் 3 முதல் 5 வரை. சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்றே தனி எக்கோ உண்டு. கட்டாயம் எடுங்கள்.

இதய நோய் இருந்தால் சிசேரியன்தானா? (புதுவயல்)

பெரும்பாலானவர்களுக்கு வலி குறைக்கும் ஊசியோடு சுகப்பிரசவமே நல்லது. ஆனால் பிரசவமான முதல் மூன்று நாள் இதயத்துக்குச் சுமை அதிகம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தவர்கள் அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை இரண்டு மூன்று தேவைப்படுகிறது என்றால் பிள்ளை பெற்ற அசதி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே காட்டுங்கள்.