பழ ஈயின் கண்ணில் ஏழாவது செல்

கேள்வி: அண்ணாச்சி, வீட்டில் தொங்குகிற கதலித் தார் கனிந்துவிட்டால் சிவப்புக் கண்ணோடு பொடி ஈ மொய்க்கிறது. பதினொன்றாவது படிக்கிற மகள் அதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குள்ள இத்தனை கட்டம் எப்படிம்மா வரிசை தப்பாம வந்துச்சு?" என்று கேட்கிறாள். எந்தச் செல் என்னவாக வேண்டும் என்று யார் சொல்வது?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மகளுக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். அவள் பார்த்த ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டிக் கண். ஒரு பக்கத்துக்குச் சுமார் 750 இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒளியை உணரும் செல்கள் 8, லென்ஸை உண்டாக்கும் கூம்புச் செல்கள் 4, சுற்றிலும் நிறமிச் செல்கள். அழுகின பழத்துக்குள் நெளிகிறதே வெள்ளைப் புழு, அதற்குள்ளேயே இந்த வேலை தொடங்கிவிடுகிறது: மெல்லிய செல் விரிப்பு ஒன்றில் பின்னாலிருந்து முன்னால் ஒரு பள்ளம் உழவுசால் மாதிரி நகர்ந்து போகும், அது கடந்த இடத்தில் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சேரும்.

ஒளியை உணரும் அந்த எட்டுச் செல்களுக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண் உண்டு. முதலில் உருவாவது எட்டாம் எண் செல். அக்கம்பக்கத்துச் செல்கள் தானும் எட்டாகிவிடாதபடி நாட்ச் என்ற ஏற்பி (வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம்) வழியாக அவற்றை அடக்கிவிடும். அப்புறம் மற்றவை ஜோடி ஜோடியாகச் சேர, கடைசியில் வருவது ஏழு.

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த ஏழின் கதைதான். எட்டாம் செல் தன் சவ்வின்மேல் 'பாஸ்' என்ற புரதத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். ஏழாக வேண்டிய செல்லிடம் 'செவன்லெஸ்' என்ற ஏற்பி இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால்தான் சேதி ராஸ் என்ற புரதம் வழியாக உள்ளே போகும். ஏற்பி பழுதானாலும் சரி, பாஸ் இல்லாவிட்டாலும் சரி, அதே செல் கூம்புச் செல்லாகி லென்ஸ் வேலைக்குப் போய்விடும். ஏற்பி ஓயாமல் சேதி அனுப்பினாலோ, கூம்பாக வேண்டியவைகூட ஏழாகிவிடும்! யாருக்குப் பிறந்தது என்பதல்ல, யார் பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஒரே தாய்ச்செல்லின் வம்சமாக ஒரு கட்டம் உருவாவதில்லை என்று அமெரிக்க விஞ்ஞானி சீமோர் பென்சரின் குழு 1976ல் காட்டியது.

ஏழாம் செல் புற ஊதா ஒளியைப் பார்ப்பது. அதனால் ஒரு பக்கம் புற ஊதா, மறுபக்கம் சாதாரண வெளிச்சம் என்று வைத்தால் நல்ல ஈ புற ஊதாவுக்கு ஓடும், ஏழு இல்லாதது மறுபக்கம் போகும். ஏழு இல்லாத ஈக்களை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ராஸுக்குச் சேதியைக் கடத்தும் இன்னொரு புரதத்துக்கு 'சன் ஆஃப் செவன்லெஸ்', அதாவது செவன்லெஸ்ஸின் மகன் என்று பெயர். அதன் உறவுக்காரன் நம் உடம்பிலும் இருக்கிறான், ராஸும் இருக்கிறது. மனிதப் புற்றுநோய்கள் பலவற்றில் கெட்டுப்போயிருப்பது அந்த ராஸ்தான்.