மாப்பிள்ளை ஏன் எழுந்து போனார்?

அன்புள்ள தம்பிக்கு,

நான் பாளையங்கோட்டைக்காரன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் நானும் மனைவியும் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். மாப்பிள்ளைக்கு சாஃப்ட்வேர் வேலை. அது போக, ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று பார்க்கிற பிளானிங் கமிஷனில் உறுப்பினர். சம்பளமில்லாத வேலை. ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். ஒருவர் மாடி எடுக்க வேண்டும் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் என் கொல்லைக்கு வெயில் வராது என்கிறார். இதற்கு ஒன்றரை மணி நேரம்! அடுத்த விஷயத்தை எடுத்ததும் மாப்பிள்ளை ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். யாரோடும் சண்டையோ என்று பதறிவிட்டேன். காரில் கேட்டதற்கு, ‘அது ரூல் மாமா’ என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டார்.

ஊர் திரும்பியதும் எங்கள் கவுன்சிலர் வந்து, பகுதி சபைக்கு, அதாவது வார்டில் ஒரு பகுதி ஜனங்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டத்துக்கு, பிரதிநிதியாக இருக்க முடியுமா என்று கேட்கிறார். நீங்கள் அப்படி இருந்ததாக எழுதியிருந்தீர்கள். போய் உட்கார்ந்தால் ஏதாவது நடக்குமா, இல்லை டீயும் வடையும்தானா? அந்தப் பக்கம் எனக்கு ஐந்து சென்ட் மனை ஒன்று கிடக்கிறது. அதற்கு ரோடு போட்டுக்கொள்ளத்தான் போகிறான் என்று பேச மாட்டார்களா? வீட்டிலும், ‘ஊர்ப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு’ என்கிறாள்.

(பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள அண்ணாச்சி,

வடை கிடையாது. டீ உண்டு. கவுன்சிலர் உற்சாகமாக இருக்கிற அன்றைக்கு பிஸ்கட்டும் வரும்.

மாப்பிள்ளை எழுந்து போனதற்கு முதலில் வருகிறேன். கலிபோர்னியாவில் 1974-ல் வந்த அரசியல் சீர்திருத்தச் சட்டம் ஒன்று இருக்கிறது. கமிஷன் முன்னால் வருகிற இடம் உறுப்பினரின் சொத்திலிருந்து 500 அடிக்குள் இருந்தால், அதில் அவருக்குச் சொந்த நலன் இருப்பதாகத்தான் பொதுவாகக் கொள்வார்கள். அவர் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விட வேண்டும். ஓட்டும் கிடையாது. அன்றைக்கு எடுத்த இடம் உங்கள் மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் ஐந்து சென்ட்டுக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் உங்களை எழுந்து போகச் சொல்ல யாருமில்லை. நீங்களாகத்தான் போக வேண்டும். முதல் கூட்டத்திலேயே சர்வே எண்ணோடு சொல்லிவிடுங்கள், அந்த வழியாக ரோடு பேச்சு வரும்போது வெளியே போய் நில்லுங்கள். ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அந்த ஊர்க் கமிஷன்களில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அமெரிக்காவில் 1907-ல் ஹார்ட்ஃபோர்டு என்ற நகரத்தில் முதல் கமிஷன் வந்தது. இஞ்சினியர்கள் வரைபடம் போடட்டும், அதைக் குடியிருக்கிறவனும் ஒருமுறை பார்க்கட்டும் என்பதுதான் இன்றைக்கும் அதன் சாரம். கலிபோர்னியாவில் 1953-ல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்டிவிட வேண்டும். அதில் இல்லாததை அன்றைக்கு முடிவு செய்ய முடியாது. ஐந்து பேர் கமிஷன் என்றால், மூன்று பேர் காபிக் கடையில் உட்கார்ந்து அந்த விஷயத்தைத் தங்களுக்குள் பேசி முடித்தாலே தப்பு. நம் ஊரில் எல்லாமே டீக்கடையில் முடிந்த பிறகுதானே கூட்டத்துக்கு வருகிறது!

சரி, நம் பகுதி சபைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று இந்தக் கூட்டங்கள் தொடங்கின. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர், பகுதிக்கு ஒரு பிரதிநிதி. மாப்பிள்ளை உட்காரும் நாற்காலி என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் கையில் இல்லை. தெருவிளக்கு, சாக்கடை, நாய் என்றுதான் முக்கால்வாசி நேரம் போகும். நான் முதல் இரண்டு கூட்டங்களில் கொட்டாவி விட்டேன்.

மூன்றாவது கூட்டத்தில் தப்புச் செய்தேன். எங்கள் தெரு ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டால் சீக்கிரம் முடியும் என்றார்கள். நான்தான் முதலில் கை தூக்கினேன். ரோடு முக்கால் அடி உயர்ந்தது. என் வீடு கிழக்குச் சிறகில், அதாவது தெருவின் கிழக்கு வரிசையில், மேட்டில் இருக்கிறது. மேற்குச் சிறகு பள்ளம். இத்தனை வருஷம் அதே தெருவில் நடந்தும் அது என் கண்ணில் பட்டதில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் மேற்குச் சிறகு வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். எதிர்வீட்டு ஆச்சி படியில் நின்றுகொண்டு, ‘ஏல, ஒன் ரோடு எங்க வீட்டுக்குள்ள வந்துட்டு பாத்தியா’ என்றாள். அடுத்த கூட்டத்துக்கு ஆச்சியையும் கூட்டிப்போனேன்.

ஆச்சிக்குத் தெரிந்த அந்த மேடு பள்ளத்துக்காகத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன். நம்முடையது கால்வாயும் குளமும் பின்னிக் கிடக்கிற பூமி. சுத்தமல்லியில் பிரிகிற நெல்லைக் கால்வாய் நயினார்குளத்துக்குப் போகிறது. பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாக ஓடுகிறது. புதிய பேருந்து நிலையம் இருப்பதே வேய்ந்தான்குளத்தில்தான். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் எந்த வழியாகப் போகும் என்பது பழைய ஆட்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு மனைப்பிரிவு வந்தது. வண்ணக்கொடி, ஆர்ச் எல்லாம் கட்டியாயிற்று. மறுகால் ஓடை அதன் நடுவில்தான் போகும் என்று ஒரு விவசாயி சொன்னார். கம்ப்யூட்டரில் அரசாங்க நில ஆவணங்களான ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஓடைப் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. விற்பனைக்காரர் நோட்டீஸில் அதே இடம் 23 அடி ரோடு! இதைக் கூட்டத்தில் சொல்லி, மினிட் புக்கில் எழுதும்வரை எழுந்திருக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, ஓடையை மூட மாட்டோம் என்று பதில் வந்தது. மூடவில்லை. ஆனால் பத்தடி அகல ஓடை மூன்றடி கான்கிரீட் வாய்க்காலாக ஆகிவிட்டது. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் அந்த மூன்றடியும் இருந்திருக்காது.

இதற்கெல்லாம் பகுதி சபை வேண்டியதே இல்லை என்றும் சொல்லலாம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தின், அதாவது ஊருக்கான மாஸ்டர் பிளானின், வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். எத்தனை பேர் எழுதுகிறோம்? பேப்பரில் அறிவிப்பு வருகிற பக்கத்தில்தான் நாம் பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றுகிறோம்.

கணக்கு வாத்தியாருக்கென்றே ஒரு வேலையும் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் பகுதியில் அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கே இருக்கிறது, அதில் இப்போது என்ன நிற்கிறது என்று டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.

சுலோசன முதலியார் 1843-ல் சொந்தப் பணத்தில் தாமிரபரணிக்குப் பாலம் கட்டிக் கொடுத்தார் என்பதில் நம் எல்லாருக்கும் பெருமை. அதனாலேயோ என்னவோ, பொதுக்காரியம் என்றால் பணக்காரர் தூக்கிக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டுவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்காருவதை யாரும் கொடையாக நினைப்பதில்லை. எனக்கு அது பாலத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் மைனி சொன்னது. ஊர்ப் பொல்லாப்பு வரத்தான் செய்யும். அந்த மனைப்பிரிவுக்காரர் எனக்குத் தூரத்துச் சொந்தம். போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருந்தது. வந்தவர் என்னைப் பார்த்தார், அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடமே பதில் இல்லை, மைனிக்கு என்ன சொல்ல?