கிளீவ்லாந்தின் ராசி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் கிரிக்கெட் பற்றிய உங்கள் குறிப்பில் ‘ராசியில்லாத அணி என்று ஒன்று கிடையாது’ என்று எழுதியிருந்தீர்கள். நான் ஓஹையோவில் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறேன். என் பையனுக்கு ஒன்பது வயது. கிளீவ்லாந்து கார்டியன்ஸ் பேஸ்பால் அணி என்றால் அவனுக்கு உயிர். அலுவலகத்தில் உள்ளூர்க்காரர்களிடம் சொன்னால் ‘பாவம், இந்த வயசிலேயேவா’ என்று சிரிக்கிறார்கள். 1948-க்குப் பிறகு கோப்பை இல்லை. பந்து பட்டு ஒருவர் இறந்திருக்கிறார். படகு மோதி இருவர். பீர் குடித்த கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து கலவரம் செய்திருக்கிறது. இப்போது சூதாட்ட வழக்கு வேறு. ‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்று என் அம்மா சொல்வார். இதற்கு ராசி இல்லாமல் வேறென்ன பெயர்? பையனை வேறு அணிப் பக்கம் திருப்பிவிடட்டுமா?

ம., கொலம்பஸ்

அன்புள்ள ம.,

கிளீவ்லாந்து என்றால் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2016 நவம்பரில் ஒரு நண்பர் வீட்டில் உலகத் தொடரின் (பேஸ்பாலின் இறுதிப் போட்டி, ஏழில் நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை) ஏழாவது ஆட்டத்தைப் பார்க்கும் வரை. சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்தவர்கள், 3-3 என்று ஆகி, கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ராஜய் டேவிஸின் ஹோம் ரன்னால் (நம் சிக்சர் மாதிரி) மறுபடி உயிர்பெற்று, ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமனில் நிற்கும்போது மழை வந்தது. பதினேழே நிமிடம். மழை விட்டதும் 8-7 என்று தோற்றார்கள். கப்ஸின் 108 வருட வறட்சி அன்று முடிந்தது. அதுவரை அவர்களிடம் இருந்த ‘நீண்ட நாள் கோப்பை இல்லாதவர்கள்’ என்ற பட்டமும் அன்றைக்கே கிளீவ்லாந்துக்கு வந்து சேர்ந்தது. நண்பர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் நான் இந்த அணியின் கதையைத் தேடித்தேடிப் படித்தேன். ஆகவே உங்கள் கடிதம் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது.

முதலில் உங்கள் பட்டியலில் இருக்கும் மரணத்தை எடுத்துக்கொள்வோம். ரே சாப்மன். ஷார்ட்ஸ்டாப், அதாவது உள்வட்டத்தில் நிற்கும் ஃபீல்டர். அணியில் எல்லோருக்கும் பிடித்தவர், திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மனைவி கர்ப்பமாக இருந்தார். 1920 ஆகஸ்ட் 16, நியூயார்க்கில் யாங்கீஸ் அணியின் கார்ல் மேய்ஸ் வீசிய பந்து அவர் தலையில் பட்டது. பட்ட சத்தத்தைக் கேட்டு, பந்து மட்டையில்தான் பட்டது என்று நினைத்து மேய்ஸ் அதை எடுத்து முதல் பேஸுக்கு (அடித்தவர் ஓடிச் சேரவேண்டிய முதல் இடம்) வீசியிருக்கிறார். மறுநாள் விடியலில் சாப்மன் இறந்தார். அந்தக் காலத்தில் ஒரே பந்தை மண்ணும் எச்சிலும் ஏறிக் கறுத்துப்போகும் வரை பயன்படுத்துவார்கள். அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. இந்த மரணத்துக்குப் பிறகுதான் அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் கண்டிப்பானது. ஹெல்மெட் கட்டாயமாவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 2014-இல் சிட்னியில் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஃபில் ஹியூஸ் பந்து பட்டு விழுந்தபோது எனக்கு சாப்மன்தான் நினைவுக்கு வந்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கிளீவ்லாந்து தன் முதல் உலகத் தொடரை வென்றது அதே 1920-இல்தான். சாப்மன் இறந்து இரண்டு மாதம் ஆவதற்குள். அவருடைய இடத்துக்கு வந்த ஜோ சீவெல் பின்னாளில் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். ராசிக்காரர்கள் இந்தக் கணக்கை எப்படி எழுதுவார்கள்? வரவா, செலவா?

அப்புறம் 1948. பில் வீக் என்ற விளம்பரப் பிரியர் உரிமையாளராக இருந்தார். முந்தைய வருடம் லாரி டோபியைக் கொண்டுவந்து அமெரிக்கன் லீகின் (பெரிய லீகுகள் இரண்டில் ஒன்று) முதல் கறுப்பின ஆட்டக்காரராக இறக்கியவர் அவர்தான். கோப்பையும் வந்தது. அடுத்த வருடம் தோற்றதும் வீக் என்ன செய்தார் தெரியுமா? முந்தைய வருட வெற்றிக் கொடியை சவ வண்டியில் ஏற்றி, தானே உயரத் தொப்பி போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி ஊர்வலம் நடத்தி, மைதானத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார். வேடிக்கைக்குத்தான். ஆனால் நம் ஊரில் ஒரு கிழவி அங்கே இருந்திருந்தால் ‘வாயைக் கழுவுடா’ என்று ரெண்டு போட்டிருப்பாள். நானே அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது ஒரு கணம் ராசிக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

1954-இல் 111 ஆட்டங்களை வென்று உலகத் தொடருக்குப் போய், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் ஒன்றுகூட வெல்லாமல் திரும்பினார்கள். முதல் ஆட்டத்தில் விக் வெர்ட்ஸ் 400 அடிக்கு மேல் அடித்த பந்தை வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடிப்போய்ப் பிடித்தார். அதே ஆட்டத்தை முடித்து வைத்த டஸ்டி ரோட்ஸின் ஹோம் ரன் சுமார் 260 அடிதான் போனது. அந்த மைதானத்தின் வடிவம் அப்படி, நடுவில் கடல்போல் நீளம், ஓரத்தில் சந்துபோல் குறுகல். இதை மட்டும் துரதிர்ஷ்டம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமானவர்கள் இரண்டு நண்பர்கள். ஹெர்ப் ஸ்கோர், ராக்கி கொலாவிட்டோ. வெளியூர்ப் பயணங்களில் ஒரே அறையில் தங்குபவர்கள். ஸ்கோர் இடக்கைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், முதல் வருடமே 245 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக், அதாவது அடிக்கத் தவறிய மூன்று பந்து, ஆனால் அவுட்) செய்தவர். 1957-இல் பாஸ்டன் அணி அவருக்காகப் பத்து லட்சம் டாலர் தர முன்வந்தது. கிளீவ்லாந்து மறுத்துவிட்டது. அதே வருடம் மே 7 அன்று, யாங்கீஸின் கில் மெக்டூகல்ட் அடித்த பந்து நேராக வந்து ஸ்கோரின் கண்ணைத் தாக்கியது. இருபத்துமூன்று வயது. பார்வை போகவில்லை, ஆனால் பழைய ஸ்கோர் திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் சாபக் கதை சொல்பவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள்.

ஸ்கோர் மட்டும் தாழ்த்தவில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்: கண்ணில் பட்ட அடிக்கும் என் ஆட்டம் போனதற்கும் சம்பந்தமில்லை, அடுத்த வருடம் ஈரக்குளிரில் பந்து வீசி முழங்கையைக் கெடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கொலாவிட்டோ ஹோம் ரன் மன்னர். 1959-இல் 42 அடித்தார். ஊர்ப் பையன்கள் எல்லாம் அவரைப் போலவே தோளைத் திருப்பிக்கொண்டு மட்டையைப் பிடிப்பார்கள். 1960 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு. சீசன் தொடங்க இரண்டு நாள். மெம்ஃபிஸில் ஒரு பயிற்சி ஆட்டத்தின் நடுவே, பேஸில் நின்றுகொண்டிருந்தவரிடம் மேனேஜர் (அணியின் பயிற்சியாளர்) நடந்து வந்து, உன்னை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னார். மறுநாள் ஸ்கோரை சிகாகோ வொயிட் சாக்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். செய்தவர் ஆட்களை வாங்கி விற்கும் பொறுப்பிலிருந்த ஜெனரல் மேனேஜர் ஃபிராங்க் லேன். ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கவில்லை என்றால் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது. பிற்பாடு ஒரே சீசனில் 61 ஹோம் ரன் அடித்த ரோஜர் மாரிஸை 1958-இலேயே கைகழுவியவரும் அவரே. ஆட்டக்காரர்கள் தீர்ந்துபோய், 1960 ஆகஸ்டில் தன் மேனேஜரையே டெட்ராய்ட் மேனேஜருக்கு மாற்றிக்கொண்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நடந்தது. கொலாவிட்டோவுக்குப் பதிலாக வந்த ஹார்வி குவென் ஒரே வருடத்தில் போய்விட்டார்.

கொலாவிட்டோவை விட்டதால் வந்ததாகச் சொல்லும் தோல்விகளுக்குத்தான் ‘கொலாவிட்டோ சாபம்’ என்று பெயர். நான் யாருக்கும் சாபம் விடவில்லை என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1965-இல் தவற்றைச் சரிசெய்கிறோம் என்று அவரைத் திரும்ப வாங்கினார்கள். அதற்குக் கொடுத்த விலையில் டாமி ஜான் என்ற இளம் பிட்சரும் ஒருவர். அவர் தன் வாழ்நாளில் வென்ற 288 ஆட்டங்களில் 286 கிளீவ்லாந்தை விட்டுப் போன பிறகு வென்றவை. இதில் சாபம் எங்கே இருக்கிறது? 1960-இலிருந்து 1993 வரை இந்த அணி மூன்றாம் இடத்துக்கு வந்ததே ஒருமுறைதான். காரணம், கையில் காசில்லாத உரிமையாளர்கள் மாறிமாறி வந்தார்கள், ஏரிக்கரையில் எழுபதாயிரம் பேருக்கான ஒரு குளிர்ந்த மைதானத்தில் சில ஆயிரம் பேரை உட்காரவைத்து ஆடினார்கள். 1981-இல் லென் பார்க்கர் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். நூறாண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சாதனை. பார்த்தவர்கள் 7,290 பேர். 1986-இல் பனிமூட்டத்தால் ஆட்டமே நின்றுபோனது. கடல்மேல் மைதானம் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார் எதிரணி பிட்சர் ஒருவர். அது கடல் இல்லை, ஈரி ஏரி. ஆனாலும் சொன்னது நியாயம்.

அந்தக் காலி நாற்காலிகளை நிரப்பத்தான் பீர் இரவும் வந்தது. 1974 ஜூன் 4. அறுபத்தைந்து சென்ட் பீர் பத்து சென்ட். ஒரு தடவைக்கு ஆறு கோப்பை, எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். ஒரு வாரம் முன்னால்தான் இதே டெக்சாஸ் ரேஞ்சர்ஸுடன் கைகலப்பு நடந்திருந்தது. 25,134 பேர் வந்தார்கள். துணியில்லாமல் ஓடினார்கள், பட்டாசு எறிந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் அணி நன்றாகத்தான் ஆடியது, ஒன்பதாவது இன்னிங்ஸில் 5-3 என்று இருந்ததை 5-5 ஆக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒருவன் ஓடிப்போய் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் ஜெஃப் பரோஸின் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தான். அவர் தடுமாறி விழுந்தார். ரேஞ்சர்ஸ் மட்டைகளோடு இறங்கினார்கள். கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. கிளீவ்லாந்து ஆட்டக்காரர்களும் மட்டையை எடுத்துக்கொண்டு, தங்கள் சொந்த ரசிகர்களிடமிருந்து எதிரணியைக் காப்பாற்ற ஓடினார்கள். நடுவர் ஆட்டத்தை டெக்சாஸுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே மறுபடி பீர் இரவு வைத்தார்கள், இந்த முறை ஆளுக்கு இரண்டு கோப்பை!

1994 மட்டைத் திருட்டு உங்கள் பட்டியலில் இல்லை. பையனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆல்பர்ட் பெல்லின் மட்டைக்குள் கார்க் அடைத்திருக்கிறது என்று சிகாகோ வொயிட் சாக்ஸ் புகார் செய்தது. குடைந்து கார்க் அடைத்தால் மட்டை இலேசாகும், வேகமாகச் சுழற்றலாம். நடுவர்கள் அதை வாங்கித் தங்கள் அறையில் பூட்டி வைத்தார்கள். கிளீவ்லாந்து பிட்சர் ஜேசன் கிரிம்ஸ்லி வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பொய்க்கூரைக்கு மேல் ஊர்ந்துபோய், நடுவர் அறையில் இறங்கி, மட்டையை மாற்றி வைத்துவிட்டு வந்தார். எல்லாம் சரி, வைத்துவிட்டு வந்த மட்டையில் பால் சொரெண்டோ என்று வேறொருவர் பெயர் இருந்தது! ஏன் பெல்லின் மட்டையையே வைக்கவில்லை என்று கேட்டால், அவருடைய மட்டைகள் அத்தனையிலும் கார்க் இருந்ததாம். பின்னர் அதே அணி ஆட்டக்காரர் ஒருவரே சொன்னது. பெல்லுக்கு ஏழு ஆட்டத் தடை.

1993 படகு விபத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பயிற்சிக் காலத்தில் கிடைத்த ஒரே விடுமுறை நாளில் ஸ்டீவ் ஓலினும் டிம் க்ரூஸும் இறந்தார்கள், இருவருக்கும் சின்னக் குழந்தைகள். அதைக் கோப்பை வராத கணக்கில் சேர்ப்பது எனக்குக் கூசுகிறது. பீர் இரவுக்கு அடுத்த வரியில் அதை எழுதவே கூடாது. உங்களைச் சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சூதாட்ட வழக்குக்கு வருகிறேன். 2025 நவம்பரில் இரண்டு பிட்சர்கள்மீது மத்திய அரசு வழக்குப் போட்டது, பந்தயக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துச் சில பந்துகளை வீசினார்கள் என்று. இருவரும் மறுத்திருக்கிறார்கள். ஆனால் அதே 2025-இல்தான் டெட்ராய்ட்டை விட பதினைந்தரை ஆட்டம் பின்தங்கியிருந்த இந்த அணி எழுந்து வந்து பிரிவில் முதலிடம் பிடித்தது. பேஸ்பாலில் அவ்வளவு பின்னாலிருந்து யாரும் வந்ததில்லை. (அடுத்த வாரமே அதே டெட்ராய்ட்டிடம் தோற்று வெளியேறினார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.) 2021-இல் பெயரை மாற்றி, புதிய பெயரில் பொருள்கள் விற்க ஆரம்பித்த முதல் நாளே கடைப் பெயர்ப்பலகை கழன்று நடைபாதையில் விழுந்தது. அது ராசியா? ஆணி சரியில்லை என்கிறேன் நான்.

ஸ்கோரை விட்ட இடத்துக்கு வருகிறேன். ஆட்டத்தை விட்ட பிறகு வர்ணனையாளராக அதே கிளீவ்லாந்துக்குத் திரும்பி வந்து, 1964-இலிருந்து முப்பத்துநான்கு சீசன் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய கடைசி ஒலிபரப்பு 1997 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். எதிரணி ஃப்ளோரிடா மார்லின்ஸ், ஆடத் தொடங்கி ஐந்தே வருடமான அணி. ஒன்பதாவது இன்னிங்ஸில் 2-1 முன்னிலை, இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை. எடுக்க முடியவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் டோனி ஃபெர்னாண்டஸ் ஒரு பந்தைத் தவறவிட்டார். அணியின் இரண்டு ரன்னுக்கும் காரணம் அவர் அடித்த அடிதான், உலகத் தொடருக்கு வந்து சேர்ந்ததே அவர் ஹோம் ரன்னால்தான். சற்று நேரத்தில் மார்லின்ஸின் ரெண்டெரியா அடித்த பந்து பிட்சரின் தலைக்கு மேலே போய் எல்லாம் முடிந்தது. ஸ்கோர் தோல்வியைச் சொல்லிவிட்டு, நேயர்களுக்கு வாழ்த்துச் சொல்லி விடைபெற்றார். குரலில் அலட்டலே இல்லை.

பையனைத் திருப்பாதீர்கள். கொலம்பஸிலிருந்து இரண்டு மணி நேரம்தானே, ஈஸ்டர் சமயத்தில் ஆராதனைக்குப் போகும்போது ஒரு ஆட்டத்துக்கும் அழைத்துப் போங்கள். கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். 2007 ஏப்ரலில் 4-0 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் கணக்கில் சேர இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் தேவைப்பட்ட நேரத்தில், பனி கொட்டி ஆட்டம் ரத்தானது. அடுத்த தொடரை மில்வாக்கிக்குக் கொண்டுபோய் ஆடினார்கள், அங்கே மைதானத்துக்குக் கூரை உண்டு.