ஞாயிறு மாலை ஐந்து மணி

அன்புள்ள ஐயா,

அப்பா வைத்திருந்த 1959 மோரிஸ் மைனர் அவர் போன பிறகு ஷெட்டிலேயே நின்றுவிட்டது. 14 மாதங்களுக்கு முன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கினேன். சிலிண்டர் போர் செய்வதையும் கிராங்க் கிரைண்டிங்கையும் வெளியே கொடுத்துச் செய்துகொண்டேன். புது பேரிங், புது கேம்ஷாஃப்ட், புது டாப்பெட் எல்லாம் போட்டு, கோப்பதை மட்டும் நானே என் கையால் செய்தேன். இப்போது ஸ்டாண்டில் தயாராக இருக்கிறது. சனிக்கிழமை ஏற்றப்போகிறேன்.

மூன்று சந்தேகங்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து ஏற்றலாமா, தனித்தனியாகவா? எஞ்சினுக்குப் பழைய பச்சை நிறமே அடிக்கலாமா, கறுப்பு அடித்தால் தவறா? ஆயில் சிந்தெடிக் நல்லதா?

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உறவினர், நண்பர் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். முதல் ஸ்டார்ட்டை எல்லாரும் கேட்க வேண்டும், வீடியோவும் எடுக்கிறோம். அம்மா தினமும் ஷெட்டுக்கு வந்து ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். வண்டி ஓடிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் கேள்விகளுக்கு எந்த ஒர்க்‌ஷாப் மேனுவலிலும் பதில் இருக்கும். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஞாயிறு மாலை ஐந்து மணி என்று, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பல நாளாக இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறத்தை முதலில் முடித்துவிடுவோம். பச்சையோ கறுப்போ, பிடித்ததை அடியுங்கள். எர்த் பட்டை மாட்டும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியும்படி விடுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் பாடிக்கும் நடுவே கரண்ட் போக ஒழுங்கான வழி அந்தப் பின்னல் பட்டை ஒன்றுதான். அதை மாட்ட மறந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் அத்தனை கரண்டும் சோக் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகள் வழியே போகப் பார்க்கும், கம்பி பழுத்துப் புகையும். இன்னொன்று, இடையில் யாரும் மாற்றாமல் இருந்தால் உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். இன்றைய பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

இனி கியர்பாக்ஸ். இரண்டும் வெளியே கிடக்கும்போது தனித்தனியாக ஏற்றுவானேன்? தரையில் வைத்தே சேர்த்துவிடுங்கள், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் செய்வதைவிட ஆயிரம் மடங்கு மேல். கியர்பாக்ஸின் முன்தண்டு கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் நுழைந்து, கிராங்கின் பின்முனையில் உள்ள சின்ன புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். கிளட்சைப் பூட்டும்போதே அளவான ஒரு கட்டையை நடுவில் செருகி மையம் பார்த்திருந்தால் கையால் தள்ளினாலே போய்விடும். போகவில்லை என்றால் வெளியே எடுத்து மறுபடி மையம் பாருங்கள். கிளட்சை மூடுகிற பெல் ஹவுசிங்கின் போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்காதீர்கள். கியர்பாக்ஸின் எடையைப் பிளேட்டின் மேல் தொங்கவிடவும் கூடாது, பிளேட்டின் நடு ஹப் வளைந்துவிடும்.

எழுதும்போதே மாமாவின் கை கண்முன் வருகிறது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவின் தம்பி அவர். ஒரு விடுமுறை முழுக்க அவர் ஷெட்டில் டார்ச் பிடித்து நின்றிருக்கிறேன். அவரிடமும் உங்களுடையதைப் போலவே ஒரு ஏ-சீரீஸ் எஞ்சின்தான். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைப்பார். பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளியை நான்கு சிலிண்டரிலும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். அவ்வளவு பொறுமையான மனிதர். அந்தக் கடைசி நாளில் மட்டும் எல்லாரையும் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

மூன்று மணிக்கு கிளட்ச் பிளேட் மையம் தவறி கியர்பாக்ஸ் சேரவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி வைத்திருப்பார். அன்று போல்ட்டைப் போட்டு இழுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு அது தப்பு என்று தெரியாது. ஐந்து மணிக்கு ஷெட் நிறைய ஆட்கள். ஸ்டார்ட்டரை இழுத்தார், பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக டப்பென்று நெருப்பைத் துப்பியது. திரும்பத் திரும்ப இழுத்தார். பேட்டரி இறங்கியது, வந்தவர்களில் ஒருவர் தன் வண்டியின் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். மறுபடியும் இழுத்தார். அரை மணி நேரம் இப்படியே போன பிறகுதான், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் பாதிச் சுற்று மாறி உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். சரிசெய்ததும் முதல் இழுப்பிலேயே பிடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எஞ்சினை ஐடிலில் விட்டார், அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. மெதுவாக, அழகாக ஓடியது. பேசிக்கொண்டே இருபது நிமிடம் அப்படி விட்டுவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கேம்ஷாஃப்டின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளுகிற டாப்பெட்டை எடுத்துக் காட்டினார். அதன் அடி குழிந்து சின்னக் கிண்ணம் போல இருந்தது. அதைத் தூக்குகிற கேம் முனை, அதாவது கேம்ஷாஃப்டின் புடைப்பு, தேய்ந்து மழுங்கியிருந்தது. தேய்ந்த இரும்புத் தூள் ஆயிலோடு சேர்ந்து பேரிங் வரை போயிருந்தது. அந்த எஞ்சின் மறுபடி இறங்கியது, இரண்டு வருடம் அவர் அதைத் தொடவே இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை. பல வருடம் கழித்து நான் கேட்டபோது ஒன்றே ஒன்று சொன்னார்: "வந்தவங்க முன்னாடி நிறுத்த மனசு வரலடா."

ர., அதனால்தான் உங்கள் ஐந்து மணியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 14 மாதம் உழைத்தவர் கடைசி ஒன்றரை நாளை இப்படிக் கடிகாரத்துக்கு விற்கலாமா? சனிக்கிழமை ஏற்றி ஞாயிறு ஸ்டார்ட் என்று யார் சொன்னது உங்களுக்கு? ஏற்றுவது அரை நாள் வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஏற்றிய பிறகு இருக்கிற சின்ன வேலைகளுக்கு நேரம் ஒதுக்கினீர்களா? பெட்ரோல் குழாய், ஒவ்வொரு ஹோஸ் கிளிப், சைலன்சர் மேனிஃபோல்டு, வயர்கள், கிளட்ச் பெடலின் ஆட்டம், ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று பொருந்தாமல் போகும். அப்போது "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஸ்பானரைக் கீழே வைக்கிற உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். ஆட்களைக் கூப்பிட்டு அந்த உரிமையை நீங்களே பறிகொடுத்துவிட்டீர்கள்.

அந்த இருபது நிமிட ஐடிலில் என்ன நடந்தது என்பதை நீங்கள் புரிந்துகொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களுடையதும் புது கேம், புது டாப்பெட். ஏ-சீரீஸ் 1951-இல் ஆஸ்டின் ஏ30-இல் 803 சிசியாக வந்து, 1956-இல் மைனரில் 948 சிசி ஆகி, 2000-இல் பழைய மினி காரின் தயாரிப்பு நிற்கும் வரை வந்துகொண்டிருந்த எஞ்சின். கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் இருக்கிறது. அதன் பேரிங்குகளுக்கு ஆயில் பிரஷரோடு வருகிறது, ஆனால் கேம் முனையும் டாப்பெட்டும் உரசுகிற இடத்துக்கு அப்படி வருவதில்லை. கிராங்க் சுழலும்போது சிதறித் தெறிக்கிற ஆயில்தான் அங்கே. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் தெறிப்பதும் குறைவு. வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் ஒரு மெல்லிய கோட்டின் மேல் விழுகிறது. புது டாப்பெட் தன் இடத்தில் சுழன்று சுழன்று அந்தக் கேமோடு பழக வேண்டும். பழகிவிட்டால் பல்லாண்டு உழைக்கும், பழகாமல் ஒரே இடத்தில் தேய ஆரம்பித்தால் சில நிமிடம் போதும் கெட்டுப்போக. கோக்கும்போது நீங்கள் பூசிய கிரீஸ்தான் அந்த முதல் நிமிடங்களில் அதைக் காப்பாற்றும். ஸ்டார்ட்டரை அரை மணி நேரம் இழுத்தால் அந்தக் கிரீஸ் வழித்துப் போய்விடும். மாமா முதலில் கிரீஸை வழித்தார், அப்புறம் ஆயில் தெறிக்காத வேகத்தில் ஓடவிட்டார்.

ஆகவே முதல் ஸ்டார்ட் என்றால் பிடித்த கணத்திலேயே சுமார் 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 1500-க்கும் 2500-க்கும் நடுவே கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொண்டு 20 நிமிடம். ஐடில் கூடவே கூடாது. கேட்க அழகாக இருக்காது, ஒரே இரைச்சல். ஏதாவது கசிந்தால், சூடேறினால், அடக்கி ஐடிலில் வைத்துப் பார்க்காதீர்கள். முழுக்க அணையுங்கள், சரிசெய்யுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஆயில் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சிந்தெடிக் இப்போது வேண்டாம், பழைய எஞ்சின்களுக்கான 20டபிள்யூ-50 மினரல் ஆயில், துத்தநாகக் கலவை போதுமான அளவு உள்ளதாகப் பார்த்து ஊற்றுங்கள். அந்தக் கலவையில் இருக்கும் பாஸ்பரஸ் இன்றைய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் புது ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் கேமுக்கு அது வேண்டும்.

அதற்கு முன் ஆயில் மேலே வந்தாக வேண்டும். சில எஞ்சின்களில் ஆயில் பம்பை மட்டும் டிரில் மாட்டிச் சுற்றலாம். இதில் பம்ப் கேமின் வாலில் இருக்கிறது, எஞ்சினைச் சுற்றினால்தான் அதுவும் சுற்றும். அதனால் நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், காயில் வயரை எடுத்துவிடுங்கள், முன்னால் ஹேண்டில் போட்டுக் கையாலேயே சுற்றுங்கள், அப்புறம் ஸ்டார்ட்டரில் பத்துப் பத்து வினாடியாக விட்டு விட்டு. மைனரில் ஆயிலுக்கு ஒரு விளக்குதான் உண்டு. முதல் நாளுக்காவது ஒரு டீ இணைப்பு போட்டு முள் மீட்டர் ஒன்றைச் சேர்த்து மாட்டுங்கள். முள் எழும்பாமல் பிளக்கைத் திரும்பப் போடாதீர்கள். ஓடும்போது 60 பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும்.

டைமிங்கை முந்தைய நாளே அமைதியாகப் பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, அதனால் ஒன்றாவது பிஸ்டன் மேலே நிற்பதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கிற அந்த ஆட்டத்தில் இருக்கிறதா பாருங்கள், அப்போதுதான் ஒன்றாவது அழுத்தத்தின் உச்சியில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் ஒன்றாவது பிளக்கின் வயரைப் பார்க்க வேண்டும். மீதி வயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில். மாமாவின் அரை மணி நேரமும் இந்த ஒரு நிமிடச் சோதனையில் மிச்சமாகியிருக்கும்.

பிறகு ஆறவிட்டு ஹெட் நட்டையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பாருங்கள், 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்றைக்கே எல்லாருக்கும் போன் செய்து ஞாயிறு இல்லை என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு கூப்பிடுங்கள், அப்போது ஐடிலில் வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கட்டும். அப்பாவின் வண்டி என்பதால் உங்களுக்கு இருக்கிற அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஷெட்டில் அது சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களை உறுத்துகிறது. இன்னும் ஒரு வாரம் நிற்கட்டும்.

அம்மாவை மட்டும் கூப்பிடுங்கள். என்றைக்கு எல்லாம் முடிகிறதோ அன்றைக்கு, காலையில், வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்திவிட்டு. புகை அடைகிற இடத்தில் ஓட்டக் கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் பானெட்டுக்கு முன்னால் திராட்டிலில் கைவைத்து நிற்பீர்கள், அங்கிருந்து டாஷ்போர்டு தெரியாது. அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஸ்பீடாமீட்டருக்குள் இருக்கும் அந்த ஆயில் விளக்கைக் காட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது அது எரிந்தால் உங்களைக் கேட்காமலே சாவியை அணைத்துவிடச் சொல்லுங்கள்.